உருமாத் துண்டு

எங்கள் மாடி அறையில் ஒரு தென்காசிப் பெண் குடியிருக்கிறாள். ஒரகடத்தில் வேலை, தபால் வழியில் தத்துவம் படிக்கிறாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், ஷிப்டுக்குக் கிளம்புமுன் பாடத்தை வாசித்துக் காட்டுவாள்.

"சீனாவுல ரெண்டு கூட்டம் உண்டு ஆச்சி. பெத்தவங்களுக்குச் செய்ய வேண்டியத முறை தப்பாமச் செய்யணும், அதுலதான் மனுசன் நல்லவனாவான்ங்கது கன்பூசிய வழி. தாவோக்காரங்க அதை ஒத்துக்க மாட்டாங்க. முறை பெருசானா மனசு வத்திப்போச்சுன்னு அர்த்தமாம். நெசமான நல்ல கொணம் தன்னை நல்லதுன்னே அறியாதாம்."

"அறியாதாமா? அவங்கள்ல எவனாச்சும் பீத்துணி அலசியிருக்கானா, கேட்டுச் சொல்லு" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தையின் நினைவு வந்துவிட்டது.

வடக்குப்பட்டில் நான் சிறுமியாக இருந்தபோது, தாத்தா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டியது அத்தைதான். புருஷன் போனபின் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். பெரியப்பா காஞ்சிபுரத்தில் இருந்தார். பொங்கலுக்கு வருவார், தாத்தாவின் காலைத் தொட்டுக் கும்பிடுவார், போவார். தாத்தா செத்ததும் மூத்த பிள்ளையாகக் கொள்ளி வைத்தார். பதினாறாம் நாள் காரியத்தையும் ஒரு குறை இல்லாமல் செய்தார். "புள்ளைன்னா இப்டி இருக்கணும்பா" என்று பந்தல் முழுக்கப் பேச்சு. அத்தை பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை.

முடிவில் பெரியம்மாவின் பிறந்த வீட்டார் புதுத் துண்டை அவர் தலையில் உருமா கட்ட வேண்டும். கடமையை முடித்த பிள்ளைக்கு ஊர் பார்க்கச் செய்யும் மரியாதை அது. துண்டு தாம்பாளத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். குனிந்து சாணி வாரிக்கொண்டிருந்த அத்தையின் தலையில் சுற்றிவிட்டு, "உனுக்குத்தான் அத்த" என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூடை தூக்கச் சும்மாடு கட்டிவிட்டேன் என்று நினைத்துவிட்டாள். சாணிக் கூடையை அதன்மேல் ஏற்றிக்கொண்டு, பந்தல் ஓரமாகவே எருக்குழிக்கு நடந்தாள்.

"தாலியறுத்தவ தலையில உருமாவா? வூடு வெளங்கும்" என்றாள் பெரியம்மா. அப்பா என்னை அறைந்தார். கூடையை இறக்கிய அத்தை துண்டைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, சொல்லக்கூடாதா? நல்ல துணி பாழாப் பூட்ச்சே" என்று என்னைத்தான் திட்டினாள். 'படுக்கையில் கிடந்தவரை நான்தானே பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? அறையைவிட அதுதான் வலித்தது. இன்றைக்கும் ஆறவில்லை. தன்னை அறியாத நல்ல குணத்தை ஊரும் அறியாமலே தின்று ஏப்பம் விட்டுவிடும். அதை அந்தச் சீனாக்காரர்கள் சொன்னார்களா?

பெரியப்பா ஆள் அனுப்பி வேறு துண்டு வரவழைத்து, முறைப்படி உருமா கட்டிக்கொண்டார். சாணித் துண்டை மடித்துக் கையோடு எடுத்துப் போனார்.

வருஷத் திவசத்துக்கு வந்தவர், குளித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு தாத்தாவுக்குப் படைக்க உட்கார்ந்தார். அத்தை சாணிக் கூடை சுமந்த, பச்சைக் கறை போகாத அதே துண்டு.

"கறத் துணிண்ணே. வேற தரட்டா?" என்றாள் அத்தை.

"இதான் முறை" என்றார்.

அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். புதுத் துண்டு வாங்க மனசில்லாத கஞ்சன் என்று பொருமிக்கொண்டு, அவர் இலைக்குத் தண்ணீர்கூட வைக்காமல் நான் முறைத்துக்கொண்டு நின்றேன்.