மூக்காண்டி வண்டியின் டக்டக் சத்தம்

சங்கரன்கோவிலில் எட்டு விசைத்தறி ஓட்டும் மூக்காண்டி, ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி எடுத்தபோது ஃபோர் வீல் டிரைவ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நாம போறது புளியங்குடி ரோடு. நாலு வீலும் சேந்து இழுக்க அங்கன மலையா இருக்கு?" என்றார். மூன்றாம் மாதமே பின்னால் டக்டக்கென்று சத்தம் வர ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தடவை பார்த்தும் பிடிபடவில்லை. "இதை வித்துட்டு நாலு வீலும் இழுக்கிற வண்டியே எடுங்க" என்று மனைவி ஜெயசித்ரா முடிவாகச் சொன்னாள்.

மூக்காண்டிக்கு விற்க மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னால் போய்ப் படுத்துக்கொண்டார். தறியில் சத்தம் மாறினால் ஒவ்வொரு பாகமாகக் கை வைத்து அழுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். இங்கும் அப்படியே அழுத்திக்கொண்டு வந்தார். ஆள் இல்லாத கடைசி சீட்டின் பெல்ட் கொக்கியைப் பிடித்ததும் சத்தம் நின்றது. அதுதான் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் மோதிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் கிடந்த கழிவு நூலை அதில் இறுக்கிச் சுற்றினார்.

"ஏட்டி, இப்ப கேக்கா?"

ஜெயசித்ரா ஒரு வேகத்தடையில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏற்றி இறக்கினாள். "கேக்கல. சரி, வண்டி இருக்கட்டும்."

"அப்போ ஓரமா நிறுத்து, நான் ஓட்டுதேன்."

"எதுக்கு? நீங்க அங்கனயே படுத்து வாங்க. வேற எதுவும் ஆடுதான்னு பாக்கணும்லா" என்று சொல்லிக்கொண்டே அவள் கியரை மாற்றினாள்.