சேலைக் கரை ஏறி நிற்கிற பக்கம்

போன வாரம் நெல்லை ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஒரு பெரியவர் என் கையில் பத்து ரூபாய்த் தாளை வைத்துவிட்டு, என்னைக் கும்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தத்ரூபமா இருக்கும்மா. நெசமாவே இடுப்பு ஒடிஞ்சவ மாதிரில்லா நடக்கிய. எங்க வீட்டுக்கும் சேர்த்து வேண்டிக்கிடுங்க" என்றவர், நான் வாய் திறப்பதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? குலசேகரன்பட்டினத்துத் தசரா நடக்கிற சமயம். இந்த நாட்களில் எங்கள் பக்கம் காளியும் குரங்கும் போலீஸ்காரரும் பஸ்ஸில் சீட் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டி, நாலு பேரிடம் காணிக்கை வாங்கி, கோயில் உண்டியலில் சேர்க்கிற வழக்கம். நானோ சிவப்புச் சேலை. தோளில் துணிப்பை. இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து ஒரு நடை. நான் மாதா கோயிலுக்குப் போகிறவள் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது?

அந்தப் பணத்தை நான் வைத்துக்கொள்ளக் கூடாதில்லையா... டீக்கடைப் பக்கம் நின்றிருந்த நிஜமான காளி வேஷக்காரரின் தட்டில் போட்டுவிட்டேன். சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. ஏனென்றால், நேராக நடந்துவிட வேண்டும் என்றுதான் அன்று காலையிலிருந்து அத்தனை பாடு பட்டுக்கொண்டிருந்தேன்.

என் முதுகுக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கீழ் முதுகில் இரண்டு எலும்புகளை ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு ஒன்றாக இணைத்துவிட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. காலைச் சுண்டி இழுத்துக்கொண்டிருந்த வலி போயே போய்விட்டது. ஆனால் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு விஷயம் தெரிந்தது - என் இடது கால் குட்டையாகியிருந்தது.

அப்படித்தான் நான் நினைத்தேன். சேலை கட்டினால் கரை இடது பக்கம் மட்டும் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது. எத்தனை இழுத்துவிட்டாலும் மறுபடி ஏறுகிறது. எனக்கு நானே டாக்டராகி, தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து, இடது செருப்புக்கு மட்டும் ஓர் அடுக்கு ஒட்டி வாங்கினேன். கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டு நாலு நாள் போட்டுக்கொண்டு திரிந்தேன். அப்புறம் இடுப்பில் புதிதாக ஒரு வலி.

எனக்குப் பிசியோதெரபி செய்ய வீட்டுக்கு வருகிற பாத்திமா காயல்பட்டினத்துப் பெண். அதிர்ந்து பேசாது. செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"காலு ரெண்டும் ஒரே நீளந்தான்க்கா. இடுப்புதான் ஒரு பக்கமா ஏறி நிக்கி."

பிறகு பொறுமையாக விளக்கியது. வலிக்குப் பயந்து வருஷக்கணக்காக ஒரு பக்கமாகவே ஒதுங்கி நடந்திருக்கிறேன். தசை அதையே பழகிவிட்டது. இப்போது இணைத்த எலும்புகள் வளைந்து கொடுக்காது. அதுகள் பார்த்த வேலையும் இடுப்பின் தலையில், காலின் தலையில் விழுந்திருக்கிறது. பழைய நடை வருமா என்று கேட்டேன். பைய வரும் என்றது. முழுசாக வருமா? அதை இப்போதே சொல்ல முடியாது என்றது.

எனக்கு அந்த நடை வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் மணப்பாட்டுக்காரர். கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. லீவில் வந்தால் தினமும் சாயங்காலம் நாங்கள் ஆற்றுப் பாலத்தில் நடப்போம். அவர் வேகமாக நடப்பார், நான் சளைக்காமல் ஈடுகொடுப்பேன். பல நாள் பேச்சுகூட இருக்காது. கீழே தாமிரபரணி, பக்கத்தில் அவர்... போதும். மறுபடி கப்பல் ஏறிவிட்டால் நான் ஏங்குவது அந்த நடைக்குத்தான். இனிமேல் அவரோடு சேர்ந்து நடக்கவே முடியாதோ என்ற பயம் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆபரேஷன் நடந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். ஆபரேஷன் ஆனது அவருக்குத் தெரியும். இந்தக் கோணல் தெரியாது. கடலிலும் வளைகுடாவிலும் ஆள் இருக்கிற வீடுகளில் போன் கேமராவுக்கு ஒரு பழக்கம் உண்டு - அது கழுத்துக்கு மேலேதான் காட்டும். துறைமுகத்தில் சிக்னல் கிடைத்துப் பேசும்போதெல்லாம், எந்திச்சு நட பாப்போம் என்பார். உடனே எனக்கு இங்கே சிக்னல் போய்விடும்.

அப்படி மறைத்து வைத்தவள்தான் அன்று, அவர் லீவில் வருகிற ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் தூணில் சாய்ந்து நின்றேன். தூண் இருக்கும்வரை நான் நேர். பீரோக் கண்ணாடி முன்னால் ஒரு வாரம் நடந்து பழகிய தைரியம் வேறு. சேலைக் கரையை இடது பக்கம் தழைத்துக் கட்டியிருந்தேன்.

சென்னை ரயில் வந்தது. தூரத்துப் பெட்டியிலிருந்து இறங்கினார். இளைத்திருந்தார். காலைச் சுற்றிப் பெட்டிகள். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கையைக் காட்டி, வா வா என்று கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியுமா?

தூணை விட்டேன். முதல் கொஞ்ச தூரம் நேராகத்தான் நடந்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், பழகியதெல்லாம் மறந்துவிட்டது. இடுப்பு தன்னால் ஏறியது. அவர் சிரிப்பு பாதியில் நின்றது. நான் கிட்டே போகிறவரை வைத்த கண் வாங்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தசை, ஸ்க்ரூ, பாத்திமா என்று மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கே கேட்டார்.

"ஏட்டி, எந்தப் பக்கம் சாயுது?"

"இடது பக்கம்."

வலது தோளில் கிடந்த பையை இடது தோளுக்கு மாற்றினார். பெட்டிகளைப் போர்ட்டரிடம் விட்டார். சுற்றி வந்து என் இடது பக்கம் நின்றுகொண்டு, கையை நீட்டினார். ஸ்டேஷன் வாசலுக்கு வந்து சேர எங்களுக்கு வெகுநேரம் ஆனது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவர் என் வேகத்துக்கு நடந்தார்.

இப்போதும் கோணலாகத்தான் நடக்கிறேன். ஆனால் சாய்கிற பக்கம் ஆள் இருக்கிறது... லீவு முடிகிற வரைக்கும்.