பாஸ் பண்ண வைக்கும் மாஸ்டர்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரிடம் பழகி ஃபெயிலானவர்கள் குறைவு. ஸ்டீயரிங்கைத் தொட்டாலே வெலவெலத்துப் போகிறவர்களைக்கூட இருபது நாளில் லைசென்ஸ் வாங்க வைத்துவிடுவார். "எல்லாம் பயிற்சிதாங்க. பயப்படாதீங்க, பாஸ்தான்" என்பார். தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டுதான் சொல்வார் என்பது வேறு விஷயம்.

மனைவிக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னபோதும் மனிதர் அசரவில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு மறதியாவது ஒன்றாவது என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஞாபகப் பரிசோதனை உண்டு. அங்கே கேள்விகள் மாறுவதே இல்லை என்பதை இரண்டாம் தடவையே மோப்பம் பிடித்துவிட்டார். விடுவாரா? தினமும் காலையில் பல் துலக்கியதும் பாடம். இன்று என்ன கிழமை, எந்த மாதம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல், நினைவில் வைக்க வேண்டிய மூன்று சொற்கள். அந்த அம்மாள் அழுதாலும் விடமாட்டார்.

போன தடவை மதிப்பெண் ஏறியது. மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். பலன் என்ன தெரியுமா? ஆஸ்பத்திரியின் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் அந்த அம்மாளுக்குக் கிடைக்கவிருந்த இடம் வேறொருவருக்குப் போனது. தேறி வருகிறவருக்கு இடம் எதற்கு என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு மாஸ்டர் துரும்பாக இளைத்தார். அந்த அம்மாள் கேஸைத் திறந்துவிட்டு மறந்துவிடுவார். கதவு திறந்திருந்தால் தெருவில் இறங்கி நடந்துவிடுவார். போன வாரம், பழக வந்த பெண் காரைச் சுவரை நோக்கி விட்டபோது, மாஸ்டர் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். பம்பரோடு போனது அவர்கள் நல்ல நேரம்.

"அப்பா, இந்தத் தடவையாவது பாடம் நடத்தாதீங்க. அம்மா இருக்கிறபடியே டாக்டர் பாக்கட்டும்" என்று மகள் கெஞ்சினாள். "அந்த இடம் கிடைக்கலன்னா அம்மாவுக்கு முன்னாடி நீங்க போய்ச் சேந்துடுவீங்க."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? அவ தேறிட்டு வர்றாம்மா."

பாடம் நடந்தது.

பரிசோதனை அன்று கிழமை சரி, மாதம் சரி. "இப்ப மூணு வார்த்தை சொல்லப்போறேன்" என்று டாக்டரம்மா ஆரம்பித்தார்.

"சாவி, குடை, தட்டு" என்றார் அந்த அம்மாள்.

டாக்டர் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாஸ்டர் அசடு வழியச் சிரித்தார். டாக்டர் கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு மாஸ்டரைக் காட்டினார்.

"இவர் யாரும்மா?"

அது பாடத்தில் இல்லை. அதைப் போய் யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

"பாடம் எடுக்க வர்ற சார்" என்றார் அந்த அம்மாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நல்ல மனுஷன். எப்பவும் சிரிச்ச முகம். ஆனா பாவம், பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுவாரு. நான் சொன்னேன்னு கேட்டுடாதீங்க, சங்கடப்படுவாரு."

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். டாக்டர் மையத்தின் விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினார். மாஸ்டர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் அந்த அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நாளைக்கும் பாடம் உண்டா சார்?"

"இல்லம்மா. இனிமே பாடம் கிடையாது."

"அப்பாடா!" என்றார் அந்த அம்மாள்.