ஐந்தாவது பாட்டுக்கு ஆளிருக்கிறது

என்னுடைய புதிய அல்பத்தின் அட்டை வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் செய்த முதல் வேலை, என் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்த்ததுதான். நான்கு இடத்தில் இருந்தது. ஐந்தாவது பாட்டுக்கு நேரே 'மரபு' என்று போட்டிருந்ததையும் வாசித்தேன். வாசித்துவிட்டு, எழுத்து அழகாக விழுந்திருக்கிறது என்று கொழும்பிலுள்ள வெளியீட்டாளருக்குப் பதிலும் அனுப்பினேன். இனி இந்தக் கதையில் நான் கோபப்படும் இடங்களை வாசிக்கிறவர்கள் இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் கண்டியில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவன். மிச்ச நேரத்தில் நாட்டார் மெட்டில் பாட்டுக் கட்டுகிறவன். பாடுவதற்கு நல்ல ஆள் கிடைக்காதபடியால் நானே பாடுகிறேன். அதைக் கேட்டவர்கள், நல்ல ஆளைத் தேடும் முயற்சியைக் கைவிட வேண்டாம் என்று அன்பாகச் சொல்வார்கள்.

இந்த அல்பத்துக்குக் கைகொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா. றபான் மேளம் அடிப்பவர். கண்டி மழைக்கு றபான் தோல் தொய்ந்துபோகும் என்பதால், தலைமுடி காயவைக்கும் மெஷின் ஒன்றைப் பையில் கொண்டுவருவார். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. மற்றவர் பேராதனையில் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி, ஒலிப்பதிவு அவருடையது. அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. சுவரில் ரயில் நேர அட்டவணை ஒட்டி, இரண்டு ரயிலுக்கு இடையில் ஒரு பாட்டு என்று கணக்காகப் பதிவு செய்தோம். ரயில்கள் அந்த அட்டவணையைப் பார்த்ததில்லை. "அண்ணை, நிப்பாட்டுங்கோ, வருகுது" என்று அவர் கையைத் தூக்காத பாட்டு அந்த அல்பத்தில் ஒன்றுகூட இல்லை.

ஐந்தாவது பாட்டு எங்கள் மூவருடையதுமல்ல. மஹய்யாவையில் இருக்கும் ஓர் அக்காவுடையது. நகரத்து வீதிகளைக் கூட்டும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, போன வருடம் பென்ஷனில் வந்தவர். பெரஹரா யானை ஊர்வலம் முடிந்த மறுநாள் விடியலில் வீதிக்கு இறங்குகிறவர்களின் பாட்டு அது:

ஆனை போன பாதையில
ஆறு கூடை லத்தி கெடக்கு
பாக்க வந்த சனம் போயிருச்சு
பெருக்க வந்த சனம் நிக்குது

நான் இருபத்தைந்து வருடமாகக் கட்டிய பாட்டுகளில் இப்படி ஒரு கடைசி வரி எனக்கு அமைந்ததில்லை. குழாயடியில் வைத்து அவர் அதை மூன்று கண்ணிகளாகப் பாடிக் காட்டினார். மூன்றாவது கண்ணியில் இந்தச் சந்து, இந்தக் குழாய், இதைக் கட்டியவள் இன்னாள் என்று தன் பெயரை வைத்திருந்தார். அந்தச் சந்தில் அதுதான் வழக்கம். கோயில் திருவிழாவுக்கோ சடங்கு வீட்டுக்கோ யார் பாட்டுக் கட்டினாலும் கடைசிக் கண்ணியில் கட்டியவளின் பெயர் இருக்கும். வேறு யார் பாடினாலும் அந்தப் பெயரோடுதான் பாட வேண்டும்.

"அந்தக் கண்ணிய விட்டுறாதீங்க மாஸ்டர். விட்டா ஏசுவாங்க" என்றார்.

விட்டேன். முதல் இரண்டு கண்ணியும் எங்கோ உயரத்தில் நிற்கின்றன, மூன்றாவது குழாயடி ஊர்வம்புக்கு இறங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. படித்தவனுக்கு இப்படிப் பல விஷயங்கள் தோன்றும்.

அட்டை வந்த அடுத்த சனிக்கிழமை காலையில் அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். பாட்டு முடிந்துவிட்ட சந்தோஷத்தில் நானா அவருக்கு அட்டையையும் பாட்டையும் அனுப்பியிருக்கிறார். கதிரையை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"நான் எப்ப செத்தேன் மாஸ்டர்?"

"என்னக்கா இது?"

"மரபுன்னா செத்துப்போனவங்க செஞ்சதுதானே? எங்க வீட்டுச் சின்னவ ஸ்கூல் பொஸ்தகத்த விரிச்சுக் காட்டுறா. மரபு, மரபுன்னு போட்டிருக்கு. ஒருத்திக்கும் பேரு இல்ல. எல்லாத்துக்கும் ஒரே பேரு."

நான் வெளியீட்டாளரைத் திட்டத் தொடங்கினேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது கெடக்கட்டும். எங்க நாத்தனா இருக்காளே, நேத்து குழாயடியில அத்தன பேரு முன்னுக்கு என்ன சொன்னா தெரியுமா? 'பழைய பாட்டுன்னு மாஸ்டரே அச்சடிச்சிட்டாரு. இத்தன வருசமா நீ கட்டினதுன்னு சொல்லித் திரிஞ்சியே, வெக்கமா இல்லியா?'ன்னு கேட்டா. நான் பொய்க்காரியாப் போயிட்டேன் தம்பி."

மாஸ்டர் தம்பியானதைக் கவனித்தேன்.

அவர் போனதும் கொழும்புக்குப் போன் எடுத்தேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சை யாராவது பதிவு செய்திருந்தால் அது அல்பத்தின் மற்றப் பாட்டுகளைவிட நன்றாக இருந்திருக்கும். வெளியீட்டாளர் பொறுமையாகக் கேட்டார்.

"பிரதர், நாட்டார் பாட்டுன்னா பேர் இருக்கக் கூடாது. பேர் இருந்தா அது நாட்டார் பாட்டே இல்ல. நம்ம வரிசைக்கே பேரு 'மண்ணின் குரல்'. மண்ணுக்கு என்ன பேரு?"

மண்ணுக்கு! மஹய்யாவையில் அடையாள அட்டையும் பென்ஷன் புத்தகமும் இரண்டு முட்டியில் வாதமும் உள்ள ஒரு மனுஷியை அவர் மண் ஆக்கிவிட்டார். அக்காவுடைய பாட்டு நன்றாக இருக்கிறது என்று மேடையில் சொல்வார்கள். ஆனால் அதை ஒரு மூளை யோசித்தது, வரியை மாற்றி மாற்றிப் பார்த்தது, 'நிக்குது' என்ற சொல்லைத் தேடிப் பிடித்தது என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள். கருத்தரங்குகளில் 'மக்களின் குரல்' என்று கண் கலங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் அந்த மக்களில் ஒருவரையாவது பெயர் கேட்டதைப் பார்க்கவில்லை. என்னைப் போல் சாதாரணமாகப் பாட்டுக் கட்டுகிறவனுக்கு நாலு இடத்தில் பெயர். அவருக்கு 'மரபு'.

இதை இன்னும் விரிவாக, அடைமொழிகளோடு, மறுநாள் நானாவின் கடையில் போய்ச் சொன்னேன். குத்துவிளக்கு ஒன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், எழும்பி அலுமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கொழும்புக்கு அனுப்புவதற்காக நான் நிரப்பி அவரிடம் கொடுத்திருந்த படிவத்தின் பிரதி.

"எனத்த மாஸ்டர் இது? ஒங்கட கையெழுத்துத்தானே ஈக்கி?"

பாடல் ஆக்கம் என்ற கட்டத்தில், கரும்பலகையில் எழுதிப் பழகிய என் குண்டு எழுத்தில், 'மரபு'. அதற்குப் பக்கத்தில் 'சேகரித்தவர்' என்று என் பெயர். வெளியீட்டாளர் ஓர் எழுத்தும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அவர ஏசினது காணும், போதும்" என்றார் நானா. "இனி ஒங்கள ஏசுற எடத்துக்குப் போவோம். வாங்க."

பெயர் தெரியாமல் எழுதியதல்ல அது. அக்காவின் பெயர் என் தொலைபேசியில் இருந்தது. அவர் போட்ட பிளேன்டீயை எத்தனையோ தரம் குடித்திருக்கிறேன். படிவத்தில் அந்தக் கட்டம் வந்ததும், பாடநூல்களில் பார்த்துப் பார்த்துப் பழகிய கை தானாக எழுதிவிட்டது. கை எழுதிற்று என்று சொல்வதும் தப்பிக்கிற வேலைதான்.

குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் வாளிகளோடு நின்றார்கள். அக்கா ஓரமாக நின்றார். நான் பாடசாலைக் காலைக்கூட்டத்தில் பேசுவதுபோல் ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே நாத்தனார் வெட்டினார்.

"மாஸ்டர், நேரா சொல்லுங்க. பாட்டு யாரு கட்டினது?"

"அக்காதான் கட்டினார். பழைய பாட்டில்லை. பிழை என்னுடையது."

"அப்ப நீங்க ஏன் பேர விட்டீங்க?"



பெயரை விட்டுப் பாடினவனுக்கு அந்தச் சந்தில் ஒரு தண்டனை இருக்கிறது. அவனை ஏசி ஒரு கண்ணி கட்டி, அதையும் பாட்டோடு சேர்த்துவிடுவார்கள். பிறகு பாட்டு இருக்கிற வரைக்கும் அவனும் அதில் இருப்பான். கண்ணியைப் பாதிக்கப்பட்டவள் கட்டக் கூடாது, வேறொருத்திதான் கட்ட வேண்டும். நாத்தனார் வாளியைக் கீழே வைத்தார். தண்ணீர் நிரம்பும் நேரத்துக்குள் கட்டி முடித்தார்:

பேர விட்டுப் பாடினாரு
பெரிய ஸ்கூலு மாஸ்டரு
ஊரு பெத்த புள்ளன்னாரு
பெத்தவ பக்கம் நிக்கையில

பெண்கள் சிரித்த சிரிப்பில் மேல் சந்திலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நானா தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "மாஷா அல்லாஹ், தாளம் சரியா ஈக்கி" என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில். அக்கா சிரிக்கவில்லை. நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். 'பெத்தவ' என்று அத்தனை பேர் முன்னால் பாடியது, முந்தாநாள் பொய்க்காரி என்று சொன்ன அதே வாய்.

"நல்லா கட்டிருக்க" என்றார் கடைசியில்.

"இருக்கட்டும். இதுல என் பேரு எங்க வரும்?" என்றார் நாத்தனார்.

கண்ணிக்கொரு ஆள், ஆளுக்கொரு பெயர். ஐந்தாவது பாட்டு ஐந்து நிமிடத்தைத் தாண்டியது. விஷயத்தைக் கேள்விப்பட்டு வெளியீட்டாளர் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். அக்காவின் பெயரை வேண்டுமானால் பொடி எழுத்தில் போடலாம், ஆனால் அந்த ஏச்சுக் கண்ணி வேண்டாம், அல்பத்தின் கண்ணியம் கெடும் என்றார். அல்பத்தில் கெடுவதற்கு இருந்த கண்ணியம் என்னுடையது மட்டும்தான், அதைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை என்றேன். இரண்டு கண்ணியும் இரண்டு பெயரும் பாட்டிலும் அட்டையிலும் இல்லையென்றால் மற்ற எட்டுப் பாட்டையும் நான் தரப்போவதில்லை என்றும் சொன்னேன். அந்த எட்டும் போனால் நாட்டுக்கு நட்டமில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். தெரியவில்லைபோலும். அட்டையைத் திருத்தினார்.

இங்கே நான் யாருடைய பெயரையும் எழுதாததற்குக் காரணம் அக்காதான். எழுதட்டுமா என்று கேட்டேன். "பேப்பர்ல வேணாம் மாஸ்டர். பேப்பர்ல கடலை சுத்துவாங்க. பாட்டுல வேணும்."

மறுபதிவுக்கு அக்காவும் நாத்தனாரும் பேராதனைக்கு வந்தார்கள். பஸ்ஸில் ஒரே சீற்றில் இருந்து வந்ததாகவும், கட்டுகஸ்தோட்டைச் சொந்தக்காரர் கல்யாணத்தைப் பற்றி வழிநெடுகச் சண்டை போட்டதாகவும் கேள்வி. தண்டனையைப் பெற்றவன்தான் அந்தக் கண்ணியைப் பாட வேண்டும் என்பதால் நான் மைக்குக்கு முன்னால் நின்றேன். நானா மெஷினைப் போட்டு றபானைச் சூடாக்கினார். முதல் இரண்டு கண்ணி சரி. மூன்றாவதில் அக்காவின் பெயர் வந்தது. அதன் பிறகு என்னை நானே ஏசிப் பாடி, நாத்தனார் பெயரில் போய் முடித்தேன். நன்றாகப் பாடிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

தம்பி காதிலிருந்து கருவியைக் கழற்றி, "ஓம், இது காணும் அண்ணை" என்றார்.

அக்கா சுவரோரக் கதிரையிலிருந்து தலையை ஆட்டினார். "காணாது. ஏச்சு நல்லா விழுது. என் பேரு விழல. முழுங்கிட்டீங்க. இன்னொரு தடவ பாடுங்க மாஸ்டர்."

"அண்ணை, ரயில் வருகுது" என்றார் தம்பி.

"வந்துட்டுப் போகட்டும் தம்பி" என்றார் அக்கா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கதிரையில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்.