வெண்கலம் மைக்கில் சொன்னது

என் தங்கையின் கணவரைப் பேருந்து நிலையத்தில் எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அங்கே அறிவிப்பாளர். குரல்தான் வெண்கலம், உடம்பு ஓட்டை அண்டா. ஐம்பத்தாறாம் வயதில், மார்ச் ஒன்பதாம் தேதி காலை 10.40க்கு, "ஐந்தாம் நடைமேடையில் புறப்படத் தயாராக" என்று சொல்லிக்கொண்டே தானும் புறப்படத் தயாரானார். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அறிவிப்பு அறை எட்டடிக்கு ஆறடி. ஒரு மேசை, ஒரு மைக், இரண்டு நாற்காலி. ஒன்று அவருக்கு, மற்றது நேரக் காப்பாளனாகிய எனக்கு. ஜன்னலுக்கு நான்கடி தள்ளிப் பேருந்துகள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். புகைக்குழாய்கள் நேராக எங்களைப் பார்த்திருக்கும். இருபத்தாறு வருடத்தில் அவர் மனித முகங்களைவிட இந்தப் பின்பக்கங்களைத்தான் அதிகம் பார்த்திருப்பார்.

ஓட்டுநர்கள் டீ குடிக்கப் போனாலும் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பது அவர்களுடைய நம்பிக்கை.

வேலைக்குத் திரும்பிய வெண்கலம் ஆகஸ்ட் மாதம் நெஞ்சைப் பிசைகிறது என்று பத்தொன்பது முறை நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார். பதினேழு முறை அந்த அறையில், எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில், வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும் நேரத்தில். இரண்டு முறை பெரிய சாலையில் நடந்து வரும்போது. விடுமுறை நாட்களில் ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கை எழுதி டாக்டரிடம் கொடுத்தேன்.

"சிகரெட் உண்டா?" என்றார் டாக்டர்.

"ஒரு நாளும் இல்லைங்க," என்றார் வெண்கலம்.

"உங்க ஜன்னல் உங்களுக்கும் சேர்த்துப் பிடிக்குது. புகைன்னா நுரையீரலோட நின்னுடும்னு நினைக்காதீங்க. அதுல இருக்கிற நுண்ணிய தூசி ரத்தம் வரைக்கும் போகும். ரத்தக்குழாய் இறுகும், ரத்தம் உறையப் பார்க்கும். நல்ல இதயமே கொஞ்சம் திணறும். உங்களுது ஒட்டுப்போட்டது. இடத்தை மாத்துங்க, இல்லன்னா வேலையை விடுங்க."

நடைமேடைகள் எல்லாம் தெரிகிற வேறு அறை அங்கே கிடையாது. வேலையை விட அவருக்கு மனம் வரவில்லை.

"வீட்ல உட்கார்ந்து யாருக்கு அறிவிக்கிறது மச்சான்? சமையல்கட்டுக்கா?"

"சமையல்கட்டுல ஒரு நடைமேடைதான்," என்றாள் என் தங்கை. "அதுல ஏற்கெனவே நான் நிக்கிறேன்."

செப்டம்பர் மூன்றாம் தேதி ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்தார். கண்ணாடி முழுக்கக் கரி, நம்பர் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வழியாகப் போகிற பேருந்து என்று நினைத்து, கழுவுவதற்குப் பணிமனை போகிற வண்டியை அறிவித்தார். முப்பத்தொரு பேர் ஏறினார்கள். அந்த ஓட்டுநருக்கு முன்னால் தவிர எங்கும் பார்க்கிற பழக்கம் இல்லை. கழுவும் கொட்டகையில் தண்ணீரைப் பீய்ச்சிய பிறகுதான் உள்ளே கூச்சல் கேட்டது.

"ஸ்கேன் எடுக்கப் போறேன்னு கிளம்பினா குளிப்பாட்டி அனுப்புறீங்களேய்யா," என்று நனைந்த சட்டையோடு ஒரு பெரியவர் வந்து நின்றார்.

மறுநாளே கிளை மேலாளரிடமிருந்து ஓலை வந்தது. ஜன்னலை மூடக் கூடாது.

வேறு வழியில்லாமல் வெண்கலம் ஒரு வாரம் ஓட்டுநர்களிடம் நயமாகக் கேட்டுப் பார்த்தார்.

"அணைச்சா திரும்பக் கிளம்பாதுண்ணே," என்றார் பதினேழாம் நம்பர் ஓட்டுநர்.

"எனக்கும் அதே பயம்தாம்ப்பா," என்றார் இவர், நெஞ்சைத் தொட்டுக்காட்டி.

ஒருவரும் அசையவில்லை. செப்டம்பர் பதினைந்தாம் தேதி மைக்கைப் பிடித்தார்.

"பயணிகளின் கவனத்திற்கு. நான்காம் நடைமேடையில் நிற்கும் பதினேழாம் எண் வண்டியின் ஓட்டுநர் பதினெட்டு நிமிடமாக டீ குடிக்கிறார். டீ ஒரு கிளாஸ்தான். வண்டிதான் அவருக்காக நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது."

நிலையமே சிரித்தது. அவர் பேசியதில் நிமிடக் கணக்கு மட்டும் என்னுடையது. மறுநாள் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"ஆறாம் நடைமேடை ஓட்டுநர் கழிப்பறையில் இருக்கிறார். அவசரமில்லை, நிதானமாக வரலாம். எஞ்சினை அணைத்துவிட்டுப் போயிருந்தால் வெளியே இருக்கிற எங்களுக்கும் நாற்றம் குறைந்திருக்கும்."

ஓட்டுநர்கள் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். வெண்கலத்தின் மைக்கைப் பிடுங்கிவிட்டு டிக்கெட் கட்டுகளை எண்ணும் அறைக்கு அனுப்ப வேண்டும் என்பது கோரிக்கை. அந்த அறையில் புகை கிடையாது, உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அங்கே பேசவும் ஆள் கிடையாது. "உசுரு மிஞ்சும், நான் மிஞ்ச மாட்டேன் மச்சான்," என்றார்.

அக்டோபர் பதினொன்றாம் தேதி விசாரணை. நான் பதிவேட்டைக் கொண்டுபோனேன். முப்பது நாளில் சும்மா நின்று ஓடிய எஞ்சின்கள் மொத்தம் 412 மணி நேரம்.

"கிளம்பாத வண்டியை அணைக்கச் சொன்னா என்ன சார் நியாயம்?" என்றார் பதினேழு.

"கிளம்பாத வண்டி எத்தனை?" என்று கேட்டார் மேலாளர்.

அதை யாரும் எண்ணியதில்லை. நானும் எண்ணவில்லை. அது என் குறை. மேலாளர் கீழே இறங்கி வந்து வண்டிகளை ஒவ்வொன்றாக அணைத்துக் கிளப்பச் சொன்னார். அதற்கு இரண்டு நாள் காலை நேரம் முழுக்கப் போயிற்று. நாற்பத்தாறில் கிளம்பாதவை ஐந்து. பதினேழாம் நம்பர் சாவியின் முதல் திருப்பிலேயே கிளம்பிற்று.

"பெத்த பிள்ளை மாதிரி காட்டிக்கொடுத்துடுச்சே," என்று ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தட்டினார்.

ஐந்து வண்டிகளுக்குப் புது பேட்டரி வந்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றால் அணைக்க வேண்டும் என்று உத்தரவு ஒட்டினார்கள். மைக் வெண்கலத்திடமே இருந்தது. கழிப்பறை அறிவிப்புக்காக மட்டும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நியாயம்தான்.

நவம்பரில் மாத்திரை நான்கு முறை. பூஜ்யமாகவில்லை. மதிலுக்கு வெளியே பெரிய சாலைக்கு யார் உத்தரவு போடுவது? காற்றே இல்லாமல் புகை தரையோடு படுத்துக்கிடக்கும் காலைகளில் தங்கை அவர் செருப்பை ஒளித்து வைத்துவிடுவாள். அன்றைக்கு நான் அறிவிப்பேன். பயணிகள் பாவம்.

எஞ்சின்கள் அடங்கியதில் ஒரு சங்கடமும் வந்தது. முன்பு இரைச்சலில் அமுங்கிப்போனதெல்லாம் இப்போது ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது. ஒரு நாள் காலை 8.20க்கு ஜன்னலுக்குக் கீழே இரண்டு ஓட்டுநர்கள் பேசிக்கொண்டு நின்றார்கள்.

"கிழவனுக்கு மூச்சு நல்லாத் திரும்பிடுச்சுய்யா."

"அதான் கவலை. இனி அந்த வாயை எவன் மூடுறது?"

வெண்கலம் மைக்கை அணைத்துவிட்டு, காதை ஜன்னல் கம்பியோடு ஒட்டிவைத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"சும்மா இருங்க மச்சான்," என்றார் என்னிடம். "இன்னும் கொஞ்சம் திட்டட்டும்."