மறுபக்கத்துக் கோடு

யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் தூத்துக்குடியில் அரிசி, மண்ணெண்ணெய், துணி எல்லாம் அளந்துதான் கிடைத்தன. பயம் மட்டும் கேட்காமலே கிடைத்தது. என் பங்கை நான் என்றுமே குறைவாக வாங்கியதில்லை.

சரக்கு ஏற்றும் கம்பெனி ஒன்றில் மேஜைக் குமாஸ்தாவாக இருந்தேன். ஜெட்டியில் தோணிகளைப் பார்த்து அனுப்புகிறவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட, அந்த வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் கடல் ஆழமில்லாதது. கப்பல் கரைக்கு வராமல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். உப்பு மூடைகளைத் தோணியில் ஏற்றி, பாய் விரித்து ஓட்டிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். தோணியின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு ஒன்று அடித்திருக்கும். பாரம் ஏறிய பிறகும் கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் நான் கையை உயர்த்துவேன், தோணி புறப்படும். நீச்சல் தெரியாதவனுக்கு இதைவிட நல்ல கடல் உத்தியோகம் உண்டா என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். என் மனைவிக்கு நிறைமாதம். சிரிக்கக்கூட மூச்சு வாங்கியது.

ஜெட்டியில் என் முதல் நாள் ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள்தான் சபையில் ஆண்கள் கூட்டத்தில் பேசியிருந்தேன். நாம் வேலை பார்க்கிற இடமும் ஆலயம்தான், அங்கே செய்கிற வேலையும் ஆராதனைதான் என்று மேஜையைத் தட்டினேன். எங்கள் கம்பெனியின் பெரிய கிளார்க் முதல் பெஞ்சிலிருந்து உரக்க ஆமென் சொன்னார். அவர் சபையில் காணிக்கைப் பை பிடிக்கிறவர். பேசியவனும் ஆமென் சொன்னவரும் மறுநாள் ஜெட்டியில் ஒரே குடைக்குக் கீழே நின்றோம்.

காலையிலிருந்தே தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் கப்பல் கிளம்ப வேண்டும் என்று அவசரம். முதல் தோணியில் மூடைகள் ஏறி முடிந்ததும் நான் விளிம்புக்குப் போய்க் கோட்டைத் தேடினேன். காணோம். அப்போது தோணியில் இருந்த ஆட்கள் எல்லாரும் எழுந்து, நற்கருணை வாங்கப் போகிறவர்கள் மாதிரி வரிசையாக மறுபக்கம் நடந்து போய் நின்றார்கள். தோணி அந்தப் பக்கம் சாய்ந்தது. என் பக்கத்துக் கோடு தண்ணீருக்குள்ளிருந்து மெள்ள எழுந்து வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கூடச் சிரிக்க ஒருவரும் இல்லை.

பெரிய கிளார்க் காதோரம் குனிந்து வழக்கத்தை விளக்கினார். மூடைக்கு இவ்வளவு என்று ஆட்களுக்குக் கூலி, ஆகவே அவர்களுக்கும் இதில் சம்மதம். கம்பெனிக்கு ஒரு நடை மிச்சம். கோட்டைப் பார்க்கிறவர் நின்ற இடத்திலிருந்தே பார்ப்பார்.

"காத்தைப் பார்த்தீங்களா?" என்றேன்.

"காத்தைப் பார்க்கவாவே ஒமக்குச் சம்பளம்? நிக்கிற எடத்துல இருந்து கோடு தெரியுதா, இல்லியா? தெரியுதுன்னா கையைத் தூக்கும். ஞாயித்துக்கிழமை பேச்சையெல்லாம் ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கிடும்."

கையைத் தூக்கினால் அந்த ஆட்களுக்கு என்ன ஆகுமோ. தூக்காவிட்டால் என் வேலை போகும். இவருக்குப் பயந்தேன், கடலுக்குப் பயந்தேன், நேற்று என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கக்கூடிய ஆண்டவருக்கும் பயந்தேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்ததில் என் கால்கள் எவரையும் கேட்காமல் பலகையில் ஏறித் தோணிக்குள் போய்விட்டன. மறுபக்கம் போய் எட்டிப் பார்த்தேன். அங்கே கோடு ஆழத்தில் மீன் வயிறு மாதிரி வெளுத்துத் தெரிந்தது.

அந்த நேரத்தில் அலை ஒன்று தோணியைத் தூக்கிப் போட்டது. நான் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு, "மாதாவே!" என்று அலறினேன்.

தோணிக்காரர்கள் கத்தோலிக்கர். அவர்கள் மாதாவைக் கூப்பிட்டால் அது ஊர் வழக்கம். நானோ மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த நாசரேத்துப் புராட்டஸ்டண்டுக் குடும்பம். அவர்களுடைய ஜெபமாலையைக் கேலி பண்ணியே பேர் வாங்கியவன். ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கரையில் பெரிய கிளார்க்கின் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

தண்டல், அதாவது தோணியை நடத்துகிற மூத்தவர், மட்டும் சிரிக்கவில்லை. "கிளார்க்கையா, எறங்குங்க. காத்து ஏறுது" என்றார்.

இறங்கத்தான் நினைத்தேன். முழங்கால் இரண்டும் உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை. அதை ஆட்களுக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஆகவே குரலைக் கனமாக்கிக்கொண்டு, "மூடையை எறக்குனாத்தான் நான் எறங்குவேன்" என்றேன். பயத்தை மறைக்கச் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் அது சரியான பேச்சு என்று எனக்கே உறைத்தது. பிறகு அதை விடவில்லை.

பெரிய கிளார்க் கரையிலிருந்து கத்தினார். தண்டல் என்னையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க எறக்கச் சொல்லுதது உப்பை இல்ல, எங்க ராச்சோத்தை" என்றார். நான் பாய்மரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நேரம் போவதைப் பார்த்து, கடைசியில் அவரே மூடைகளை இறக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் கோடு தெரிந்தது. பிறகு என்னையும் ஒரு மூடையாகத் தூக்கிக் கரையில் வைத்தார்கள்.

தோணி போன கொஞ்ச நேரத்தில் காற்று அடங்கிவிட்டது. கடல் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி கிடந்தது. பக்கத்துக் கம்பெனித் தோணிகள் கோடு முங்கப் போய்ச் சுகமாகத் திரும்பி வந்தன. ஜெட்டி முழுக்க நான்தான் பேச்சு.

இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளியிடமிருந்து சொல் வந்தது. பெரிய கிளார்க் நேரே எங்கள் சபைக் குருவானவரிடம் போனார். மூடையைப் பற்றியல்ல, மாதாவைப் பற்றிப் புகார். சாயங்காலமே குருவானவர் வீட்டுக்கு வந்து, உபதேசத்தில் ஏதும் சந்தேகமா என்று பக்குவமாக விசாரித்தார். உபதேசத்தில் இல்லை ஐயா, முழங்காலில்தான் என்றேன். அவர் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. வேலை போனால் பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று மட்டும் கேட்டாள்.

குருவானவர் போனதும் தண்டலைத் தேடிப்போய், நான் செய்தது தப்பா என்று கேட்டேன். அவர் பின்னிக்கொண்டிருந்த வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காத்து அடங்காம இருந்திருந்தா ஒங்க பேர்ல ஒரு மெழுகுதிரி ஏத்தியிருப்பேன். அடங்கிட்டே. நான் என்ன சொல்ல?"

மறுநாள் காலையில் அதே தோணி, அதே ஆட்கள். என்னைப் பார்க்காமலே எழுந்து மறுபக்கம் போனார்கள். பெரிய கிளார்க் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார். நான் பலகையைப் போடச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் தண்டலே பலகையைத் தள்ளிவிட்டு, கையையும் நீட்டினார்.

"புடிச்சுக்கிடுங்க. விழுந்து தொலைச்சீங்கன்னா அதுக்கும் நாங்கதான் முங்கணும்."

பிடித்துக்கொண்டு மறுபக்கம் போனேன். கோடு அன்றும் தண்ணீருக்குள்தான் இருந்தது.