மெய்யியலுக்கு ஆள் சேர்த்த கதை

திருவிழாவுக்கு ஆள் சேர்க்கலாம், கலியாணத்துக்கு ஆள் சேர்க்கலாம், கூலியில்லாத சிரமதான வேலைக்குக்கூடக் கெஞ்சிக் கூத்தாடி ஆள் சேர்த்துவிடலாம். சும்மா உட்கார்ந்து யோசிக்க வாங்க என்று ஆள் சேர்ப்பதுதான் இருக்கிறதிலேயே பொல்லாத வேலை.

அந்த வேலைதான் எனக்குக் கிடைத்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறைக்கு மாத்தளை மாவட்டத்துச் சனங்களோடு கலந்துரையாடல் நடத்தவும், அதையே ஆராய்ச்சியாக எழுதவும் ஆசை வந்தது. இரத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்ச் சொல்ல ஒரு ஆள் தேடினார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இரண்டரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்த ஏற்றமும் ஏறுவேன். எடுத்துக்கொண்டார்கள்.

துறைத் தலைவரான பேராசிரியர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று கூட்டம் நடத்திப் பார்ப்போம். மூன்றாவது மாத்தளை டவுனில், முடிவெடுக்கிற பல்கலைக்கழகப் பீடத்து ஆட்கள் முன்னால். அதற்குக் கிராமங்களிலிருந்து இருபது பேராவது வந்து வாய் திறந்து பேசவேண்டும். இல்லாவிட்டால் இனி வளாகத்துக்குள்ளேயே நடத்திக்கொள்வோம். அதாவது மாத்தளையும் இல்லை, என் வேலையும் இல்லை. காப்புறுதி, கணக்கெடுப்பு, கருத்துக்கணிப்பு என்று கதவு தட்டித் திரிகிற என் இனத்தாரே, இருபது பேர் என்பது எவ்வளவு பெரிய சனத்திரள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

முதல் கதவு

எங்கள் பக்கம் கூட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து யாராவது வந்து பேசுவார்கள். நாங்கள் தலையாட்டுவோம், பெயரைப் பதிவோம். போகும்போது கையில் ஒரு சாமான் வரும்: புத்தகப் பை, நுளம்பு வலை, குடை. அதனால் நான் எந்த வாசலில் நின்றாலும் முதல் கேள்வி, "என்ன குடுப்பாங்க?" என்பதுதான். ஏதாவது கொடுப்பார்கள் என்று சொல்லிவிடலாமா என்று எனக்கும் ஆசை வந்தது. பிறகு அவர்கள் வெறுங்கையோடு திரும்பும்போது என் முகத்தைத்தானே பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

மேல் லயத்தில் முதல் வீடு, எங்கள் பேச்சில் காம்பரா, லெச்சுமி அக்காவுடையது. கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் குடுக்க மாட்டாங்க அக்கா, கேள்வி கேப்பாங்க, நாம யோசிச்சுப் பதில் சொல்லணும்" என்றேன். என் மகள் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, எனக்குப் பதிலைக் கொடுத்தார்: "கேள்வி எங்க வீட்லயே நெறைய கெடக்கு தங்கச்சி. கொடதான் இல்ல."

தறிகெட்ட ரயில்

முதல் கூட்டம் சனசமூக நிலையத்தில். ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். விரிவுரையாளர் ஷர்மிளா மிஸ் எங்கள் மாவட்டத்துக்குப் பொறுப்பு. படித்த பிள்ளை, நல்ல மனசு. உலகத்து மெய்யியல் வகுப்புகளில் எல்லாம் கேட்கிற கேள்வி என்று சொல்லி ஆரம்பித்தார். பிரேக் அறுந்த ரயில் ஒன்று வருகிறது. தண்டவாளத்தில் ஐந்து பேர் நிற்கிறார்கள். ஒரு பிடியை இழுத்தால் ரயில் மற்றப் பாதைக்குத் திரும்பும், ஆனால் அங்கேயும் ஒருவர் நிற்கிறார். இழுப்பீர்களா, மாட்டீர்களா?

ஏழு பேரும் உண்மையாகவே யோசித்தார்கள். ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சா என்று ஒருவர் கேட்டார். அந்த ஐந்து பேருக்கும் காது கேட்காதா என்று இன்னொருவர். மிஸ் வியர்த்துப்போனார். கடைசியில், சந்தியில் மிளகும் ஏலமும் வாங்குகிற பாரூக் நானா எழுந்து, யோசித்து முடித்த ஆளாக, மரியாதையாகச் சொன்னார்: "மிஸ், நம்ம ரயில் பாதை மாத்தளையோட முடிஞ்சி போற. அங்க வாற ரயில் நிக்கிறதுக்குத்தான் வாற."

வாளி வரிசை

மிஸ் கோபப்படவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அப்ப என்னதான் கேட்கிறது, நீங்களே சொல்லுங்க" என்றார். நானும் யோசிக்காமல், "பீலியப் பத்திக் கேளுங்க மிஸ்" என்றேன். மேல் லயத்துக்கு மலையிலிருந்து தண்ணீர் விழுகிற பீலி ஒன்றே ஒன்று. விடிந்ததும் பெண்கள் வாளியை வரிசையில் வைத்துவிட்டு ரொட்டி சுடப் போய்விடுவார்கள். வாளி அவர்களுக்காக நிற்கும். வாளியை விட்டுவிட்டுப் போகாமல் ஆளாகவே வந்து நிற்பவர் புஷ்பம். அவருக்கு முன்னால் எப்போதும் நிற்பது லெச்சுமி அக்காவின் பச்சை வாளி. இருவரும் முகம் கொடுத்துப் பேசி மூன்று மாதம்.

ஆள் இல்லாத வாளிக்கு வரிசையில் இடம் உண்டா? இதுதான் இரண்டாம் கூட்டத்துக் கேள்வி. கதிரை போதாமல் சனங்கள் ஜன்னலில் தொங்கினார்கள். என்ன சண்டை என்று பார்க்க வந்தவர்களும் நின்று கட்சி சேர்ந்தார்கள். "நான் வந்து நின்னா எம் புள்ளைக்கு யாரு ரொட்டி சுடுறது? அது வாளி இல்ல, நான் விடிய எழும்பின நேரம்" என்றார் லெச்சுமி அக்கா. பாதிச் சபை தலையாட்டியது. புஷ்பம் இடுப்பில் கைவைத்து எழுந்தார்: "அப்ப நாளைக்கு எம் வாளிய மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்புறேன். கங்காணி அதுக்கு வேலைக்கு வந்ததாப் பேரு போடுறாரான்னு பாப்போம்!"

செருப்பு மாட்டிய சத்தம்

புஷ்பத்தின் பேச்சுக்கு எழுந்த சிரிப்பு அடங்கும் முன்னே மிஸ் செய்த வேலையை, ஐயோ, எந்த மொழியில் சொல்லுவேன்? பையைத் திறந்து சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினார். சனங்கள் பேசியதை ஆராய்ச்சியில் எழுத அவர்களுடைய கையெழுத்து வேண்டும், அது ஒழுங்கு. மிஸ்ஸுக்கு அது மரியாதை. எங்கள் சனத்துக்கோ நல்ல பேச்சு நடுவில் தாளும் பேனாவும் வந்தால் எதுவோ கைவிட்டுப் போகப்போகிறது என்று அர்த்தம். வாசிக்காமல் கையெழுத்து வைத்துப் பட்ட கதை ஒவ்வொரு காம்பராவிலும் ஒன்று இருக்கிறது.

ஒருவர் கூடப் பேனாவைத் தொடவில்லை. ஒவ்வொருவராகச் செருப்பு மாட்டினார்கள். கையெழுத்து இல்லையென்றால் ஆராய்ச்சி இல்லை. பயந்துபோன சனம் மூன்றாவது கூட்டத்துக்கு வரவும் போவதில்லை. வாசலில் மிஸ்ஸைத் தாண்டும்போது புஷ்பம் மெதுவாகத்தான் சொன்னார்: "பேசச் சொன்னீங்க, பேசினோம். கையெழுத்துக்கு வேற மனசு வேணும் மிஸ்."

வெட்டி எழுதிய தாள்

அடுத்த ஞாயிறு படிவத்தை மடித்துக்கொண்டு மகளோடு நான் மட்டும் மலையேறினேன். "கையெழுத்து வேணாம். இந்தத் தாள் நல்ல தாளா கெட்ட தாளான்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். லெச்சுமி அக்கா வாசலில் சனம் கூடிவிட்டது. வரிவரியாக வாசித்தேன். விருப்பமில்லாவிட்டால் எப்போதும் விலகலாம் என்ற வரி எல்லோருக்கும் பிடித்தது. சொன்னதெல்லாம் துறைக்கே சொந்தம் என்ற வரியில் புஷ்பம் நிறுத்தினார். "என் வாயில வந்தது எப்படி அவங்க சாமானாகும்? வெட்டு!" வெட்டினேன். "அப்ப நம்ம பேச்ச அவங்க மாத்தி எழுதினா?" என்று லெச்சுமி அக்கா கேட்டார். புஷ்பத்தைப் பார்த்துத்தான் கேட்டார். இருவரும் சேர்ந்து புதிதாக ஒரு வரி சொன்னார்கள்: அச்சுக்குப் போகுமுன் எங்களிடம் வந்து வாசித்துக் காட்டவேண்டும், பிழை என்றால் திருத்தவேண்டும். அதை எழுதி முடித்ததும் பேனாவுக்குப் போட்டியாகிவிட்டது.

கண்டபடி வெட்டிக் கிறுக்கிய அந்த அச்சுத் தாளைக் கொண்டுபோய்ப் பேராசிரியர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். இன்றோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் தாளை விட்டுத் தலை நிமிராமலே சொன்னார்: "முப்பது வருஷமா ஒழுக்கவியல் படிப்பிக்கிறேன். இந்த வரி எனக்குத் தோன்றவில்லையே!"

தும்மிக்கொண்டு வந்த சபை

மூன்றாவது கூட்டத்துக்கு முதல் இரவு மேலே ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் விடிய விடிய மழை. காலையில் பார்த்தால் மரம் விழுந்து மேல் பாதையில் பஸ் இல்லை. மாத்தளை மண்டபத்தில் பீடத்து ஆட்கள் மூவரும் முன்வரிசையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டவுன் ஆட்கள் பத்துப் பேர் இருந்தார்கள். மேலேயிருந்து ஒரு ஆள் இல்லை. "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று பேராசிரியர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்றாம் தடவை சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் வாசலில் பாரூக் நானாவின் லொறி வந்து நின்றது. முறிந்த மரம் வரைக்கும் நடந்து இறங்கிய சனத்தை மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று ஏற்றி வந்திருக்கிறார். முந்தின நாள் மிளகு ஏற்றிய லொறி. நல்ல சேலை கட்டி, பூ வைத்து, தும்மித் தும்மி இறங்கினார்கள். எனக்குக் கண் கலங்கியது, மிளகு என்று சொல்லிக்கொண்டேன். நானா கதவைச் சாத்தியபடி சொன்னார்: "எண்ணிப் பாரு புள்ள, இருபத்தாறு. வழியில ரெண்டு கூடிட்டு."

யார் முறை

அன்றைக்குப் பேசாதவர் யாருமில்லை. லெச்சுமி அக்காவும் புஷ்பமும் சேர்ந்தே மேடைக்குப் போய், இருவரும் ஒத்துக்கொண்ட முடிவைச் சொன்னார்கள்: வாளிக்காரி வேலையாகவோ பிள்ளையோடோ இருந்தால் வாளிக்கு இடம் உண்டு, தூங்கினால் இடம் இல்லை. பீடத்தவரில் ஒருவர், "தூங்குகிறார் என்பதை எப்படி நிறுவுவது? சான்று என்ன?" என்று மடக்கினார். புஷ்பம் கண் இமைக்கவில்லை. "லயத்துச் செவரு மெல்லிசு சேர், கொறட்ட கேக்கும்." மண்டபம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மடக்கியவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவரே எழுந்து, இது மாத்தளையில்தான் தொடர்ந்து நடக்கவேண்டும் என்றார். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். ஷர்மிளா மிஸ் என் மகளைத் தூக்கிச் சுற்றினார்.

பேராசிரியர் ஒலிவாங்கியைப் பிடித்து, அடுத்த மாதமும் இதே மண்டபத்துக்கு அனைவரும் வருக என்று அழைத்தார். லெச்சுமி அக்கா இருந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினார்: "நாங்க வந்துட்டோம் சேர். அடுத்தது மேல் லயத்துல, இனி ஒங்க மொற!"

இந்த வேலையில் இப்போது எனக்கு மிச்சமிருக்கிற ஒரே கஷ்டம், கூட்டம் முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருக்கிற சனத்தை வீட்டுக்கு அனுப்புவதுதான்.